குடைக்காரர் சேர்ந்த நாள்

திகனயில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஆட்கள் ரோட்டைக் கடக்க மஞ்சள் கடவை போடுவதா என்று பார்க்க, காலை ஏழிலிருந்து எட்டு வரை ஐந்து நாள் ஆள் எண்ணினார்கள். இந்தப் பக்கம் ரோட்டில் இறங்குகிறவர்களை மஸாஹிரா எண்ணினாள். அந்தப் பக்கம் நடைபாதையில் ஏறுகிறவர்களை ரஸீன் எண்ணினார். ஐந்து நாளும் ரஸீனுக்கு ஓராள் குறைந்தது.

"ஒன்னக் கொறச்சி எழுதுங்களேன், தங்கச்சி."

"எப்புடி நானா? நல்ல வெயில்ல, சொட்டச் சொட்ட நனஞ்ச குட விரிச்சிக்கிட்டு ஒரு வயசாளி தெனமும் எறங்குறாரே. என் கண்ணால கண்டேன்."

அவள் குறைக்கவில்லை. வேலை கொடுத்த கந்தோரிலும் யாரும் கேட்கவில்லை, ஓராள்தானே.

மூன்று மாதத்தில் கடவை வந்தது. மறுபடி எண்ணச் சொன்னார்கள். வாகனங்கள் ஒழுங்காக நின்றன. அன்று குடைக்காரர் இந்தப் பக்கம் இறங்கவேயில்லை. மஸாஹிராவுக்கு 412, ரஸீனுக்கு 413.

"கூட எண்ணிட்டீங்களா நானா?"

ரஸீன் நடைபாதையைக் காட்டினார். ஒரு வாரமாகத் துளி மழையில்லை. காய்ந்த கல்லில், கடவையின் முனையிலிருந்து தேத்தண்ணிக்கடை வரை தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது. கடை வாசலில் ஒரு குடை, மடக்கி, சுவரோரம் சாத்தியிருந்தது.