குதிக்கும் முன் ஒரு கையெழுத்து

"விஜி, போறும்! சுவாமிக்கு அலங்காரம் பண்ற மாதிரி எத்தனை நாழி தடவிண்டிருப்பே?"

சந்திரசேகருக்குப் பொறுமை போய்விட்டது. டெல்லி துவாரகா நீச்சல் குளத்தின் விளிம்பில், முதுகில் காற்று சிலிண்டரோடு நிற்கிறார். மனைவி விஜயலக்ஷ்மி பின்னால் நின்று பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறாள், பக்கிளைக் கழற்றி மறுபடி மாட்டுகிறாள், சிலிண்டர் தலையில் எதையோ திருகுகிறாள். வரிசையில் காத்திருக்கும் இளவட்டங்கள் எல்லாம் பார்க்கிறார்கள். மானம் போகிறது.

"ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ணிக்கோங்கோன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே!"

"சொன்னா. அதுக்காக ஒரு யுகமா? நான் உன்னோடதைப் பாத்து எப்பவோ கையெழுத்தே போட்டாச்சு."

கையெழுத்துப் போட்டது வாஸ்தவம்தான்.

மத்திய அரசில் முப்பது வருஷ சர்வீஸ். ஃபைலில் கீழே யாராவது இனிஷியல் போட்டிருந்தால் போதும், மனுஷருடைய பேனா தானாக ஓடிப்போய் மேலே கையெழுத்துப் போட்டுவிடும். இன்றைக்கும் அதே கதைதான். செக் லிஸ்ட் தாளில், சாமான்களைக் கொடுத்ததற்கு அடையாளமாகப் பயிற்சியாளர் போட்டிருந்த இனிஷியல் கண்ணில் பட்டது. காற்று, பெல்ட், பக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்போது விஜயலக்ஷ்மி சிலிண்டரை மாட்டிக்கொள்ளக்கூட இல்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாளை மறுநாள் அந்தமானுக்கு ஃபிளைட். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். 'கடலுக்கடியில் வெள்ளி விழா!' என்று கிட்வாய் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நாற்பது பேர் கைதட்டியும் ஆகிவிட்டது. இந்தக் குளத்தில் பாஸ் பண்ணினால்தான் அங்கே கடலில் இறங்க விடுவார்கள். ஒரு வாரமாக மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு தவளை மாதிரி காலை உதைத்துப் பயிற்சி வேறு.

விஜயலக்ஷ்மி நீச்சல் கற்றுக்கொண்டதே நாலு மாதத்துக்கு முன்னால்தான். அதுவும் அவர் ஆசைக்காக.

"ஏன்னா, ஒரு நிமிஷம். என்னோடதுல இந்த..."

"ஒண்ணும் ஆகாதுடி. நான்தான் பாத்துட்டேனே! ஜல்தி வா."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

பயிற்சியாளர் சிந்து வந்தாள். இருபத்தாறு வயது. அப்பா ராணுவத்தில் இருந்ததால் டெல்லியிலேயே வளர்ந்த பெண், தமிழில் பாதி ஹிந்தியாக வரும்.

"அங்கிள், ஆன்ட்டி, செக் ஆயிடுச்சா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று கட்டைவிரலை உயர்த்தினார் சந்திரசேகர்.

"அரே அங்கிள், கட்டைவிரல் காட்டினா 'மேலே போகலாம்'னு அர்த்தம். இன்னும் கீழேயே போகலையே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சந்தோஷத்தில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

"ஆன்ட்டி, முதல்ல நீங்க."

கீழே பன்னிரண்டு அடித் தண்ணீர். விஜயலக்ஷ்மி ஒரு காலை முன்னால் வைத்தாள். மூச்சுக் குழாயைக் கையில் எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ருக்கியே! நில்லுங்க!"

சிந்து பாய்ந்து அவள் தோளைப் பிடித்துவிட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டி சிலிண்டர் மேல இருக்கிற வால்வைத் திருகிப் பாருங்க."

சந்திரசேகர் திருகினார். புஸ்ஸென்று காற்று குழாய்க்குள் பாய்ந்தது. இவ்வளவு நேரமும் அது மூடியே இருந்திருக்கிறது!

"நான்தான் மூடி வெச்சேன். ரெண்டு பேரோடதையும். பார்ட்னர் நிஜமா பார்க்கிறாங்களான்னு எனக்குத் தெரியணும் இல்ல? கடல்ல இப்படி இறங்கியிருந்தா ஆன்ட்டிக்கு ஒரு மூச்சுக்குக்கூடக் காத்து கிடைச்சிருக்காது."

சந்திரசேகர் அவசரமாக மனைவியைக் குளத்தின் விளிம்பிலிருந்து பின்னால் இழுத்தார். ஆனாலும் முப்பது வருஷ சர்வீஸ் சும்மா விடுமா?

"அப்போ என்னோடதும் மூடித்தானே இருக்கு? அவளும் பார்க்கலை. ரெண்டு பேரும் சமம்!"

சிந்து அவர் முதுகுப் பக்கம் போய்த் திருகிப் பார்த்தாள்.

"இல்லியே அங்கிள். உங்களுது முழுசா திறந்திருக்கு. ஆன்ட்டி கண்டுபிடிச்சுத் திறந்துட்டாங்க. வாவ், ஆன்ட்டி!"

இளவட்டங்கள் கைதட்டி விசில் அடித்தார்கள். விஜயலக்ஷ்மி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆன்ட்டி பாஸ். அங்கிள், நீங்க நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆன்ட்டியோட வாங்க. ஆன்ட்டியை ஒழுங்கா செக் பண்ணிக் காட்டினாத்தான் அந்தமான். அச்சா?"

இன்னொரு வாய்ப்பு! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சிந்து அடுத்தவர்களைப் பார்க்கப் போனதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னோடது மூடியிருக்குன்னு வாயைத் திறந்து சொல்லப்படாதா?"

"இத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு அவமானமா இருக்குமேன்னு பேசாம திறந்து விட்டேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "அது இருக்கட்டும். உன் சிலிண்டர் முதுகுல இருந்தாலும் காத்து எவ்வளவுன்னு காட்டற மீட்டர் உன் கைக்கிட்டதானே தொங்கித்து? முள் பூஜ்யத்துல நின்னது தெரியலையா?"

"தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுமா குதிக்கப் போனே?"

விஜயலக்ஷ்மி நீச்சல் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேளே. மீட்டர்தான் ரிப்பேர்னு நினைச்சுண்டேன்."