உதறல்

திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. பைக் இன்னும் பின்னால்தான் வருகிறது.

பாஸ்கெட்பால் ஆடிய காலத்தில் இதற்குத்தான் கைதட்டினார்கள். தலையைத் திருப்பாமலே, பின்னால் ஓடி வருகிறவன் கைக்குப் பந்தைத் தள்ளிவிடுவான். முதுகில் கண் உள்ளவன் என்று மணிலா முழுக்கப் பேச்சு. அந்தக் கைதட்டலை நம்பித்தான் சொந்த ஊரில் நகரசபைக்கு நின்றான். ஜெயித்தும் விட்டான்.

இப்போது முதுகுக் கண்ணுக்குத் தெரிவது இரண்டு ஹெல்மெட். இத்தனை புழுக்கத்திலும் ஒருவன்கூட முகக் கண்ணாடியைத் தூக்கவில்லை.

துக்க வீட்டு வாசலிலிருந்தே வருகிறார்கள்.

செத்தவர் எல்பிடியோ. சபையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி. ஆற்று மணல் குத்தகை ஓட்டுக்கு வந்தபோது, வேண்டாம் என்று கை தூக்கியவர்கள் இரண்டே பேர். எல்பிடியோவை ஒரு பைக் தேடி வந்தது.

தூக்கிய இன்னொரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. வியர்வையில் வழுக்கியது.

நேராக வீட்டுக்குப் போக முடியாது. போகவும் கூடாது, அந்த ஊர் வழக்கம் அப்படி. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் நாம் தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம். அவர்கள் வழியில் எங்காவது இறங்கி, கொஞ்ச நேரம் இருந்து, கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததை உதறிவிட்டுப் போவார்கள். அதற்கு பக்பக் என்று பெயர். நமக்கு அது நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம். அவர்களுக்கு உதறுவது.

ஒட்டிக்கொண்டு வருவது வெறும் ஆவியாக இருந்தால் எவ்வளவோ தேவலை.

வீட்டில் மனைவி ரோவேனா இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு மகளும் வந்திருப்பாள். பின்னால் வருகிறவர்களை அந்தத் தெருப்பக்கம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அவனுக்கு வேறு எந்த யோசனையும் ஓடவில்லை.

சந்தையை ஒட்டிய பாஸ்கெட்பால் மைதானத்தில் வண்டியை நிறுத்தினான்.

மேலே தகரக் கூரை. சுற்றிலும் ஆட்கள். வளையத்துக்குப் பின்னால் பலகையில் அவன் பெயர், கொட்டை எழுத்தில். போன தேர்தலுக்கு அவனே எழுத வைத்தது. இன்றைக்கு யாராவது அதை அழித்துத் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

எதிரே பெட்டிக்கடை நிழலில் பைக் நின்றது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து ஸ்டாண்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள். அவனைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார்கள். ஒரு ஆள் குறையுது, வாங்கண்ணே என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். துக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, வெறுங்காலோடு இறங்கினான்.

ஆட்களுக்கு நடுவிலேயே நின்றான். பந்து ஓரமாக உருண்டால் வேறு ஒருவனை எடுக்கச் சொன்னான்.

அண்ணனுக்கு வயசாயிடுச்சு என்று சிரித்தார்கள்.

பிள்ளைகுட்டிக்காரர்களைச் சுவராக நிறுத்திக்கொண்டு நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதற்காக நகர்ந்துவிடவில்லை.

எல்லாரும் விலகி நிற்க, கோட்டில் தனியாக நின்று பந்தை வளையத்தில் போட வேண்டி வந்தது. தூங்கிக்கொண்டே போடுவான் என்று ஒரு காலத்தில் பேர்.

கை உதறலெடுத்தது. பந்து பலகையைக்கூடத் தொடவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் இன்னொன்று ஆடலாம் என்றான். தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கே அண்ணே, இப்பவே எதுக்கு இவ்வளவு உழைப்பு என்று ஒருவன் கிண்டலடித்தான். ஆனாலும் ஆடினார்கள்.

பாதி ஆட்டத்தில் பைக் உறுமியது.

அவன் குனிந்துகொண்டான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று.

சத்தம் சந்தை வழியாகப் போய்த் தேய்ந்தது. அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். கடை வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தான். போய்விட்டார்கள். உதறியாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வை மாதிரி துடைத்துக்கொண்டான். யாரோ நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தான். பயம் போனதும் பசித்தது.

போன் அடித்தது. ரோவேனா.

எங்கே இருக்கிறீர்கள் என்று அலுத்துக்கொண்டாள். விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்றாள்.

"யாரு?"

"துக்க வீட்டுல உங்களைப் பாத்தாங்களாம். நேரா அவங்க வீட்டுக்குப் போகக் கூடாதில்ல, அதான் நம்ம வீட்டுல கொஞ்சம் உக்காந்துட்டுப் போறோம்னாங்க. நல்ல மரியாதையான ஆளுங்க. காபி போட்டுக் குடுத்தேன்."

ஊரில் அவன் வீடு தெரியாதவர் யார்? பின்னாலேயே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அது இவ்வளவு நேரமும் அவனுக்கு உறைக்கவே இல்லை.

குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டான்.

"பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போய் ரொட்டி வாங்கிட்டு வா. நம்ம தெருக் கடை வேண்டாம். உங்க அம்மா வீட்டுப் பக்கம் இருக்கே, அந்தக் கடை."

"ரொட்டி வீட்லயே இருக்கே."

"ரோவேனா."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதாவதுதான்.

சரி, ரொட்டி வாங்கிட்டு வரோம் என்று அவள் உரக்கச் சொன்னாள். அவனுக்காகச் சொன்னது இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. பணிவான குரல்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. பாப்பா எங்களோட இருக்கட்டும்."

அவன் வண்டியை எடுத்தான்.

வழியில் எங்கும் நிற்கவில்லை.