இருமும் முகம்

நாற்சந்தியில் அந்தப் பெரிய திரையை வைத்தவள் ஓவியர் மெர்லின். திரையில் ஒரு முகத்தை வரைந்து, காற்றை அளக்கும் கருவியோடு இணைத்திருந்தாள். வண்டிப்புகை ஏற ஏற முகம் கறுக்கும், இருமும். பார்த்து ஜனங்கள் திருந்துவார்கள் என்று நம்பினாள். ஜனங்கள் புகார் கொடுத்தார்கள். அந்த இருமலைக் கேட்டுவிட்டு யாரும் கடைப்படி ஏறுவதில்லை என்றார் எதிரே இருந்த நகைக்கடைக்காரர். மாநகராட்சி ஆணையரே நேரில் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி? மொதல்ல சத்தத்தக் கொறைங்க."

குறைத்தாள். இருமல் கேட்டது.

"கொறைச்சா போதாது, மொத்தமா நிறுத்துங்க."

திரையை அணைத்தாள். இருமல் கேட்டது. ஒயரையே பிடுங்கினாள். அப்போதும் கேட்டது, முன்னைவிட உரக்க.

"யார்கிட்ட வெளையாடுறீங்க?" என்று ஆணையர் கத்தினார்.

திரைக்குக் கீழே நின்ற போக்குவரத்துக் காவலர் பரஞ்சோதி, ஒரு கையால் பேருந்துகளை மறித்தபடி, மறுகையால் வாயைத் துடைத்துக்கொண்டு விறைப்பானார்.

"ஐயா, இருமுறது நான்தான்யா."

ஆணையர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிடுங்க ஒயர் தேடுகிறவர்போல, சுற்றிப் போய் அவருடைய முதுகுப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார்.