ஒரு கரண்டி பூரணம்

மூன்றாவது தடவையாகக் கரண்டி சிக்ரிட்டின் வாய்க்கு நேரே வந்தது.

அவள் கோட்டு மாட்டியாகிவிட்டது. கழுத்தில் கம்பளித் துண்டும் சுற்றியாகிவிட்டது. பத்தரைக்கு வகுப்பு முழுவதும் நெப்டியூன் நீரூற்றடியில் கூடும். பழைய பல்கலைக்கழக மண்டபம், அப்புறம் சந்தைத் தெரு. வாத்தியார் யாருக்காகவும் நிற்கமாட்டார்.

சமையலறை வாசலிலேயே அவளை நிறுத்திவைத்து, அடுப்புக்கு முன்னால் வீட்டுக்கார நோர்மா அம்மாள் நின்றாள். இடது கையில் பீங்கான் கிண்ணம். அதில் தோர்தெல்லீனிக்குள், அதாவது சூப்பில் போடுகிற குட்டி மாவுக் கொழுக்கட்டைக்குள், வைத்து மடிக்கிற பூரணம்: வெண்ணெயில் வதக்கி அரைத்த பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, ஜாதிக்காய்த் துருவல்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, சிஞ்ஞோரா."

"நல்லா இருக்காம்! பொலோஞ்ஞாவுல எழவு வீட்டுக் காபியைத்தான்டி நல்லா இருக்குன்னு சொல்லுவோம்."

சிக்ரிட் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இத்தாலிய மொழி படிக்க நார்வேயிலிருந்து பொலோஞ்ஞாவுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டுச் சாப்பாடும் பேச்சுப் பழக்கமும் சேர்ந்து கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தார்தான் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தார்கள். அம்மாள் அப்போது ஒரு காய்ச்சலிலிருந்து எழுந்த புதிது. அறையை வாடகைக்கு விடுவதும் அதுதான் முதல் தடவையாம்.

பேச்சுப் பழக்கம் கிடைக்காமல் இல்லை. ரயில் நிலையத்துக்கு வழி கேட்க அவளுக்கு இன்னும் நாக்குத் தடுமாறும். ஆனால் உப்புக் கரிக்கிறது, சப்பென்று இருக்கிறது, வெண்ணெய் காறுகிறது, ஜாதிக்காய் தூக்கல் என்று நாற்பது வார்த்தைகளை முதல் வாரத்திலேயே அம்மாள் மண்டையில் ஏற்றிவிட்டாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

வார்த்தை தெரிந்து என்ன செய்ய? சிக்ரிட் வீட்டில் தட்டைக் காலி செய்வார்கள், "சாப்பாட்டுக்கு நன்றி" என்பார்கள், எழுந்துவிடுவார்கள். சமைத்தவர் முகத்துக்கு நேரே குறை சொன்னால் அவள் அப்பா அன்று முழுக்கப் பேசமாட்டார்.

இங்கேயோ, குறை சொல்லாவிட்டால் வாசலை விட்டு நகர விடமாட்டேன் என்கிறாள் அம்மாள்.

காரணம் தெரியாமல் இல்லை. நாளைக்கு நாத்தனார் இவோன் சாப்பிட வருகிறாள். போன ஞாயிறு, "இது சூப்பா, உப்பளமா?" என்று கரண்டியைக் கீழே வைத்தவள். நாளைக்கும் இதே கதை என்றால் கிறிஸ்துமஸ் விருந்து இனிமேல் தன் வீட்டில்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முப்பத்தெட்டு கிறிஸ்துமஸ் இந்த மேசையில் நடந்திருக்கிறது.

சரி, அவ்வளவு பயமிருந்தால் தானே ஒரு வாய் போட்டுப் பார்த்துக்கொள்வதுதானே! ஆயுள் முழுக்கப் பூரணம் பிடித்த கை. வந்து ஏழு வாரமான ஒருத்தியின் நாக்கில்தானா பரீட்சை?

"சிஞ்ஞோரா, எனக்கு நேரமாச்சு."

"அந்த நீரூற்று நானூறு வருஷமா அங்கேயேதான் நிக்குது, எழுந்து ஓடிடாது. முதல்ல இதை மோந்து பாரு. உங்க ஊர்ல மூக்கை மீனுக்கு மட்டும்தான் வச்சிருக்கீங்களா?"

நான்காவது கரண்டி வந்தது. சிக்ரிட் வெறுப்போடு குனிந்து மூச்சை இழுத்தாள்.

மூக்கு தானாகவே சுளித்தது.

நோர்மா அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடி! சுளிச்சுட்டா! சொல்லு, சொல்லு. ஜாதிக்காயா? கூடிப்போச்சா?"

ஜாதிக்காய் இல்லை. ரப்பர் தீய்கிற நாற்றம்.

அம்மாளின் முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், அடுப்பில் காபிக் கெண்டி தண்ணீரில்லாமல் காய்ந்து, கைப்பிடி உருகிப் புகைந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற சிக்ரிட்டுக்கே தொண்டை கமறியது.

அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, ஜாதிக்காய் பற்றிய பதிலுக்காக அம்மாள் ஆவலோடு காத்திருந்தாள்.

நாற்பது வார்த்தை. முதல் வாரத்திலேயே. காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு.

சிக்ரிட் அவளைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தாள். சன்னலைத் திறந்தாள். டிசம்பர்க் காற்று குபீரென்று உள்ளே வந்தது.

"ஏய், எதுக்குத் திறக்கறே? குளிருதுல்ல!"

"புழுக்கமா இருக்கு" என்றாள் சிக்ரிட், கோட்டோடும் கம்பளித் துண்டோடும் நின்றபடி.

அம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடுப்பைப் பார்த்தாள். உருகி வழிந்திருந்த கைப்பிடியை வெகுநேரம் பார்த்தாள்.

கிண்ணத்திலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

சிக்ரிட் அவசரப்படாமல் மென்றாள். அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"ஜாதிக்காய் சரியா இருக்கு. உப்புதான் கூடிப்போச்சு."

"எவ்வளவு கூட?" அம்மாளின் குரல் தாழ்ந்துவிட்டது. "இவோன் கண்டுபிடிக்கிற அளவுக்கா?"

"கண்டுபிடிச்சு, கரண்டியைக் கீழே வைக்கிற அளவுக்கு."

அம்மாள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த இறைச்சியை எடுக்கப் போனாள். உப்புப் போடாதது.

சிக்ரிட் கம்பளித் துண்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"நாளைக்கு சூப்பை முதல்ல எனக்கு ஊத்துங்க, சிஞ்ஞோரா. இவோனுக்கு அப்புறம்."