துருவன் பேசிய முதல் வார்த்தை

கிள்ளானில், செசிலியா ஆன்டி வீட்டுக் கேட்டைக் கடந்து யாரும் சும்மா போய்விட முடியாது.

"குமுதா, ரெண்டு வயசாச்சு, துருவன் இன்னும் பேசலையா? என் மகன் மார்வின் ஒரு வயசுலயே ஜெபமாலை சொன்னான் லா!"

குமுதாவுக்கு தினமும் இதே பாட்டுதான். நாக்கில் வசம்பு தேய்த்தாள், ஸ்பெஷலிஸ்டிடமும் காட்டினாள். பையன் உம்மென்றே இருந்தான். இந்த ஆன்டி முன்னால் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்று அவள் ஏங்காத நாளில்லை.

நேற்று சாயங்காலம் ஆன்டி வழிமறித்து அவன் கன்னத்தைக் கிள்ளினார். துருவன் வாயைத் திறந்தான். மணிமணியாக வந்தது பேச்சு.

"அம்மா, டோல் ஆன்டி! நிக்காத, ஓடு!"

டோல்கேட் மாதிரி எல்லாரையும் நிறுத்தும் ஆன்டிக்குப் பட்டப்பெயர் வைத்து, வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சொல்லிச் சிரிப்பது, ஓர் எழுத்து பிசகவில்லை.

ஆன்டியின் முகம் சுருங்கியது. "என்ன சொல்றான்?"

குமுதா மகன் வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணுமில்ல ஆன்டி. இவனுக்கு இன்னும் பேச்சே வரல லா!"