முறைத் தண்ணீர்

அண்ணனுக்கும் தம்பிக்கும் கிணறு ஒன்றுதான். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை.

இன்று தம்பியின் முறை. தண்ணீரை விற்க டேங்கர் லாரியோடு வந்து இறங்கினான். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியோடு வழியை மறித்து நின்றாள் அண்ணி.

“அண்ணி, இன்னைக்கு என் முறை!”

“தெரியும்.”

“தெரிஞ்சே திருடுறீங்களா? அண்ணன் எங்கே?”

“அவருதான் டவுன்ல வாட்ச்மேனா நிக்கிறாரே. நான் இருக்கேன்ல, என்கிட்ட பேசுங்க.”

“மழை கைவிட்டுடுச்சு, பயிர் அவ்வளவுதான். கட்டடம் கட்டுறவன் தண்ணிக்குக் காசு தர்றான். நான் நாலு காசு பார்க்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?”

“பொறுக்கலை. ஒரு சொட்டு வேணும்னாலும் லாரியை என் மேல ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க.”

டிரைவர் தலையைச் சொறிந்தான். “குடும்பச் சண்டையை முடிச்சிட்டுக் கூப்பிடுங்க சார்” என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

தம்பிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“என் தண்ணியில உங்க வயல் எப்படி விளையுதுன்னு பார்க்கிறேன்!”

மடையை அடைக்க வரப்பில் ஓடினான்.

அண்ணி வயலின் மடை ஏற்கெனவே அடைபட்டிருந்தது. தண்ணீர் அதைத் தாண்டி, அவனுடைய வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாடிய பயிருக்கு நடுவே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் மனைவி மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு, குனிந்தபடியே கத்தினாள்:

“அக்கா, பாதி வயல் நனைஞ்சிடுச்சு! அந்த மனுஷனை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே பிடிச்சு வைங்க!”