ஜமக்காளமும் மெத்தையும்

அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் மேசைமேல் வைத்தபோதே டாக்டர் கோவிந்தராஜுலுவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பையின் முகப்பில் ஒரு கறுப்புக் கல். அது நேராக அவர் மூக்கையே குறி பார்த்துக்கொண்டிருந்தது. கேமராதான், வேறென்ன!

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் காலை நடை போகிற சீமாட்டிகளில் பாதிப் பேரின் கன்னம் அவர் தூக்கி நிறுத்தியது. மீதிப் பாதி அவரிடம் தேதி கேட்டு வரிசையில் நின்றது. எல்லாம் போன மாதம் வரைக்கும்தான். எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்த கிளினிக்காரன், 'சில பெரியவர்கள் இன்னும் தோலைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று பெயர் சொல்லாமல் வீடியோ போட்டான். அதிலிருந்து வரவேற்பறை நாற்காலிகளில் ஏ.சி. காற்று மட்டும் வந்து உட்கார்ந்து எழுந்து போனது. இருக்கிற கொஞ்சப் பேரையும் கெடுக்க இப்போது வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான்.

"பேருங்கம்மா?"

"பங்காரம்மாங்க. வெள்ளகோவில் பக்கம்."

வயது அறுபதை ஒட்டி இருக்கும். முகமோ மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. காசு போட்டால் எகிறி விழும்.

"உங்களுக்குங்களா ஆபரேஷன்?"

"யாருக்குன்னு அப்பறம் பாக்கலாமுங்க. எத்தன வகையா மொகத்தத் தூக்குவீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

வலிக்குமா என்று கேட்கவில்லை. எத்தனை செலவாகும் என்றும் கேட்கவில்லை. செலவு கேட்காத நோயாளி காவிரிக்கு இந்தப் பக்கம் இன்னும் பிறக்கவே இல்லை என்பது டாக்டரின் நீண்டகால ஆராய்ச்சி முடிவு. வேவுக்காரிதான், சந்தேகமே இல்லை.

சரி, படம் பிடித்துப் போய் அவன் வயிறெரியட்டும் என்று டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்புக் கல்லைப் பார்த்தே பேசினார்.

"பவானி ஜமக்காளம் விரிச்ச மெத்தைன்னு வெச்சுக்குங்க. தோலுதான் ஜமக்காளம். அத மட்டும் இழுத்துச் சொருகறது மொத வகை. மெத்தைல குழி அப்படியேதான இருக்கும்? கொஞ்ச நாள்ல மறுபடியும் சுருங்கிப்போடும். அதெல்லாம் அந்தக் காலமுங்க."

"ரெண்டாவது?"

"தோலுக்கு அடில ஒரு சதைப் படலம் இருக்குது. மெத்தையவே ஓரத்துல மடிச்சுத் தெச்சுப் போடற மாதிரி அத இறுக்கித் தெக்கறது. பரவாயில்லீங்க, கொஞ்ச வருசம் தாங்கும். மூணாவதுதான் நான் பண்றது. படலத்துக்கும் அடில போயி, ஒட்டியிருக்கற எடத்தப் பிரிச்சு உட்டு, ஜமக்காளம், மெத்தை ரெண்டையும் சேத்து அலுங்காமத் தூக்கறது. மொக நரம்பு அங்கதான் ஓடுது. கை நடுங்கறவன் தொடக்கூடாதுங்க."

'நடுங்கறவன்' என்னும்போது எதிர்ச்சாரியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.

அந்த அம்மாள் முன்னால் சாய்ந்தாள். "அந்த மூணாவது வகையில பண்ணிக்கிட்டவங்களப் பாத்தா, பண்ணிக்கிட்டதுன்னு தெரியுங்களா?"

கோவிந்தராஜுலு வாயைத் திறப்பதற்குள் செல்போன் அடித்தது. மனைவி சாந்தாமணி.

"ஏனுங்க, நம்ம மௌனிகா விசயமா ஒண்ணு சொல்லோணும். இன்னிக்கு..."

"அம்மணி, தலைபோற வேலைல இருக்கறேன். ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்." துண்டித்துவிட்டார்.

"சொல்லுங்க டாக்டர். தெரியுங்களா, தெரியாதுங்களா?"

"கட்டுன புருசனுக்கே தெரியாதுங்க!"

"பேச்சு நல்லாத்தான் இருக்குது. கண்ணுல பாத்தாத்தான நம்ப முடியும்? மூணாவது வகையில தூக்குன மொகம் ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

இதுதான் பொறி என்று டாக்டருக்குப் புரிந்துபோயிற்று. நோயாளியின் படத்தைக் காட்டினால் ரகசியத்தை வெளியே விட்டார் என்று நாளைக்கே வீடியோ வரும். காட்டாவிட்டால் காட்ட ஒன்றுமில்லை என்று வீடியோ வரும். ஒரு கணம் ஆடிப்போனவர், மேசைமேலிருந்த குடும்பப் படத்தைச் சட்டென்று எடுத்து அந்த அம்மாளின் பக்கம் திருப்பினார். சாந்தாமணியும் மகள் மௌனிகாவும் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தங்கை என்று சொன்னால் ஆதார் ஆபீசே நம்பும்.

"இது என்ற சம்சாரம். வயசு அம்பத்திமூணு. தூக்குனது ஆரு? இந்தக் கைதானுங்க!"

பச்சைப் பொய். சாந்தாமணி முகத்தில் மஞ்சளும் பவுடரும் தவிர இதுவரை எதுவும் பட்டதில்லை. ஊசி என்றால் நாலு தெரு தள்ளி நிற்கிற பெண்மணி அவள். ஆனால் எதிர்ச்சாரிக்காரன் இதைப் பார்த்துத் தூக்கம் கெட்டுக் கிடப்பானே, அந்த நினைப்பே டாக்டருக்குத் தேனாக இனித்தது. போதாதென்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

"ஆபரேஷனுக்கு முன்னால பாத்திருக்கோணும் நீங்க. கன்னம் ரெண்டும் தோள்பட்டைல கெடந்துச்சுங்க!"

பங்காரம்மா படத்தைக் கையில் வாங்கினாள். அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். மகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"ஈரோட்டுல ஒரு கல்யாணத்துல இந்தம்மாவப் பாத்தோமுங்க. இந்த வயசுல இப்படி ஒரு மொகமா, புருசன் டாக்டராச்சே, கத்தி வெச்சிருப்பாருன்னு எங்கூட்டுல எல்லாருமே சொன்னாங்க. நான் ஒருத்திதான், இல்லவே இல்ல, பொறவி மொகந்தான், மக மொகமும் கடைசி வரைக்கும் இப்படியேதான் இருக்குமுன்னு என்ற பையன் வம்சிகிட்டக்கூடச் சண்ட போட்டனுங்க. சரி, எதுக்கும் நேர்ல ஒரு வார்த்த விசாரிச்சுப் போடலாம்னு வந்தேன்."

கோவிந்தராஜுலுவின் கன்னம் இரண்டும் அந்த நிமிஷமே தோள்பட்டைக்கு இறங்கின. அந்த அம்மாள் படத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப, முப்பது வருசங்கழிச்சு எங்கூட்டு மருமகளுக்கும் நீங்களே வந்து தூக்கிக் குடுத்துருவீங்களா, சம்மந்தி?"